மறுமுனையைப் பிடித்தது யார்?

ஒரு வாஷிங் மெஷின் ஒரு பெண்ணைக் கொன்றிருந்தது. மெஷினுக்கு விலங்கு மாட்ட முடியாது என்பதால், அதற்கு முந்தின நாள் அதைப் பழுது பார்த்த மெக்கானிக்கைப் பிடித்து உள்ளே வைத்திருந்தார்கள்.

அந்த மெக்கானிக்கின் மனைவி துப்பறியும் அலுவலகத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கோந்து கொண்டுவந்து கொடுத்த காபி அவள் கையிலேயே ஆறி ஆடை கட்டிவிட்டது.

கோந்து என்பது அவனைப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. ஒரு விஷயத்தில் ஒட்டிக்கொண்டால் பிய்த்தெடுக்க முடியாதவன் என்று மேடம் வைத்தது. மேடம் முன்பு ஒரு இன்ஷூரன்ஸ் நிறுவனத்தில் இருந்தவர். கருகிய ஃப்ரிட்ஜையும் வெடித்த கீஸரையும் பார்த்து, இது தானாகப் போனதா, போக வைத்ததா என்று சொல்வது அங்கே அவருடைய வேலை. மனிதர்களைவிட மெஷின்கள் மேல், கேட்டால் உண்மையைச் சொல்லிவிடும் என்பார். அதனால்தான் உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையா மேடம் என்று கோந்து ஒருமுறை கேட்டான். அந்த மாதம் சம்பளம் மெதுவாக நடந்து வந்தது.

இன்றைக்கு எதிரே இருந்தவள் அழவில்லை. அதுதான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

அவள் சொன்னது இதுதான். ஒரு அடுக்குமாடி வீட்டில் மெஷினின் பெல்ட் கழன்றுவிட்டது என்று அவள் கணவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பின்பக்கத் தகட்டைத் திறந்து, கை நுழைய இடைஞ்சலாக இருந்த பச்சை எர்த் வயரைக் கழற்றி, பெல்ட்டை மாட்டி, வயரைத் திரும்ப முடுக்கி, தகட்டை மூடிவிட்டு வந்திருக்கிறான். மறுநாள் காலை அந்த வீட்டுப் பெண் மெஷினின் மேல் கை வைத்தவள் அப்படியே விழுந்துவிட்டாள். போலீஸ் தரப்பில் ஆள் வந்து திறந்து பார்த்தபோது, உள்ளே அந்தப் பச்சை வயர் எதிலும் மாட்டாமல் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. செத்தவளின் கணவன் ஸ்டேஷனுக்கு வந்து, எல்லோர் முன்னாலும் மெக்கானிக்கை அறைந்திருக்கிறான். இவன் கையைக்கூடத் தூக்கவில்லை.

"முதல்ல மாட்டினேன்னுதான் சொன்னாரு," என்றாள். "அப்புறம், மாட்டின மாதிரிதான் ஞாபகம்னாரு. இன்னிக்குக் காலையில போய்ப் பார்த்தேன். மறந்திருப்பேன்டி, நான்தான் கொன்னுட்டேன்னு சொல்றாரு. நாளைக்குக் கோர்ட்ல அதையேதான் சொல்லப் போறாராம்."

மேடம் வயரைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. வேலை முடிந்ததும் அவள் கணவர் உடனே கிளம்பிவிடுவாரா என்று மட்டும் கேட்டார்.

அவள் முகத்தில் சட்டென்று ஓர் இளக்கம் வந்து போனது. கிளம்ப மாட்டாராம். ஒரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் கேட்டு வாங்கி, மெஷின் மேல் வைத்து, துணி பிழியும் வேகத்தில் ஓட விட்டுக் காட்டுவாராம். ஒரு சொட்டு சிந்தக் கூடாது. சிந்தினால் அன்றைக்குக் கூலி வாங்க மாட்டார். அந்த வீட்டிலும் காட்டியிருக்கிறார். சிந்தவில்லை என்றும், அந்தப் பெண்ணின் இடுப்பிலிருந்த குழந்தை கை தட்டியது என்றும் வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்திருக்கிறார்.

மேடம் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். நானும் வருவேன் என்றாள் அவள். வரலாம், ஆனால் வீட்டுக்குள் வரக் கூடாது, மாடிப்படியில்தான் நிற்க வேண்டும் என்றார் மேடம். அவள் தலையாட்டினாள். படியில் நிற்பதற்கு அனுமதி கிடைத்ததே பெரிது என்பது போல இருந்தது அந்தத் தலையாட்டல்.

அது பழைய கட்டடம். மின்சாரப் பெட்டியில் ஷாக் அடித்தால் தானாக அணையும் நவீனக் கருவி எதுவும் கிடையாது; மின்சாரம் அளவுக்கு மீறிப் பாய்ந்தால் மட்டும் விழும் பழைய ஸ்விட்ச்தான். லிஃப்டும் கிடையாது. மேல் மாடியில் இரண்டே வீடுகள், எதிரும் புதிருமாக. ஒன்றில் அண்ணன் குடும்பம், மற்றதில் தம்பி குடும்பம். செத்தவள் தம்பியின் மனைவி.

தம்பிதான் கதவைத் திறந்தான். சவரம் செய்யாத முகம். சட்டைப் பொத்தான்கள் ஒன்று மாறி மாட்டியிருந்தன. சொல்வதற்கு வீட்டில் ஆள் இல்லை. இன்ஸ்பெக்டர் மேடத்துக்குப் பழக்கமானவர் என்பதால் கூட ஒரு கான்ஸ்டபிளை அனுப்பியிருந்தார். சமையலறையைத் தாண்டி, துவைக்கும் இடத்துக்கு அவர்தான் அழைத்துப் போனார்.

ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் ஒதுங்க வேண்டிய இடம். கொடியில் சின்னச் சின்ன கவுன்கள் இன்னும் காய்ந்துகொண்டிருந்தன. எடுத்து மடிக்க யாருக்கும் மனம் வரவில்லை போலும். கான்ஸ்டபிள் தாழ்ந்த குரலில் நடந்ததைச் சொன்னார். குழந்தைக்கு முதல் நாளிலிருந்து வயிற்றுப்போக்கு. அழுக்கான துணிகளை எல்லாம் வெந்நீரில் துவைக்கப் போட்டிருக்கிறாள். ஈரத் தரை, வெறுங்கால், ஈரக்கை. குழந்தை வீறிடும் சத்தம் கேட்டு எதிர் வீட்டிலிருந்து அண்ணி ஓடிவந்து மெயினை அணைத்திருக்கிறாள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கோந்து மெஷின் மேல் முழங்கையை ஊன்றினான். பிளக் பிடுங்கப்பட்டிருந்தது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் ஊன்றினான். மெஷின் டொக் என்று ஒரு பக்கம் சாய்ந்தது. கையை எடுத்தான், டொக் என்று திரும்பி வந்தது.

"எங்க ஸ்கூல் பெஞ்சும் இப்படித்தான் மேடம் ஆடும்," என்றான். "அதுல உக்காந்ததாலதான் நான் படிக்கல."

மேடம் சிரிக்கவில்லை. ஆனால் அவர் கண்கள் அவன் முழங்கையிலேயே நின்றன. இன்னொரு தடவை ஊன்றச் சொன்னார். டொக். தரையில் படுத்துக் கால்களைப் பார்க்கச் சொன்னார்.

துணி காயும் இடத்தில், செத்தவள் விழுந்து கிடந்த தரையில் படுப்பது கோந்துக்குப் பிடிக்கவில்லை. படுத்தான். செல்போன் வெளிச்சத்தை அடியில் அடித்தான். மெஷினின் நான்கு கால்களும் திருகி நீட்டவும் குறுக்கவும் முடிந்தவை. தரை எப்படி இருந்தாலும் அதற்கேற்ப ஏற்றி இறக்கி நிறுத்துவதற்காக. இடது முன்கால் மட்டும் நீளமாக நீட்டப்பட்டிருந்தது. வலது முன்கால் தரையைத் தொடவே இல்லை. அதற்குக் கீழேதான் தண்ணீர் போகும் ஓட்டை. அந்த மூலையை நோக்கித்தான் தரை முழுவதும் சரிந்திருந்தது.

"பள்ளத்துல நிக்கிற கால் குட்டையா இருக்கு மேடம். மேட்டுல நிக்கிற கால் நெட்டையா இருக்கு. யாரோ தலைகீழா யோசிச்சிருக்காங்க."

"சமீபத்துல திருகியிருக்காங்களா?"

அவன் விரலால் திருகிப் பார்த்தான். கால்களில் துரு ஏறி, சோப்புத் தண்ணீர் காய்ந்து கல்லாகி இறுகியிருந்தது. விரல்தான் வலித்தது. வருஷக்கணக்காக யாரும் தொட்டிருக்க முடியாது.

கான்ஸ்டபிள், நாங்கள் எதையும் நகர்த்தவில்லை அம்மா, பின்பக்கம் திறக்கக் கொஞ்சம் இழுத்ததோடு சரி என்றார். மேடம் அவருக்குப் பதில் சொல்லாமல் கோந்துவிடம் பேசினார். யாருக்குப் பதில் சொல்ல வேண்டுமோ அவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது அவருடைய வழக்கம். பத்தில் ஒன்பது முறை அந்தப் பதில் வேறு யாருக்காகவோ இருக்கும்.

"தண்ணி டம்ளரை வெச்சு ஓட்டினப்ப ஒரு சொட்டு சிந்தல. இதுக்கு மேல டம்ளரை வெச்சா என்ன ஆகும் கோந்து?"

"டம்ளரே சிந்திடும் மேடம்."

"அப்ப அவர் ரிப்பேர் பண்ணினது இது இல்ல. இது இன்னொரு தரையில வருஷக்கணக்கா நின்ன மெஷின். அங்க ஓட்டை இடது மூலையில இருக்கணும்."

கோந்து எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். ஏறி வந்தபோது பார்த்த இரண்டு கதவுகள் நினைவுக்கு வந்தன. தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து ஒட்டிப் பார்த்தான். கட்டை விரலுக்கு எதிரே கட்டை விரல், சுண்டு விரலுக்கு எதிரே சுண்டு விரல். எதிர் வீடு இந்த வீட்டைக் கண்ணாடியில் பார்த்தது போலத்தான் இருக்கும். இங்கே வலது மூலை என்றால் அங்கே இடது மூலை.

மெஷின்களைப் பற்றித் தம்பியிடம் கேட்டார்கள். அப்பா உயிரோடிருந்தபோது இரண்டு மகன்களுக்கும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாதிரி வாங்கிக் கொடுத்தவை என்றான். நிறம் மாறினால்கூட ஒருவனுக்குக் குறைத்துவிட்டோமோ என்று கவலைப்படுகிற அப்பா. பின்னால் ஒட்டியிருந்த நம்பர் தாள்கள் ஈரத்தில் எப்போதோ உரிந்து போய்விட்டன. இதையெல்லாம் சுவரைப் பார்த்தபடியே சொன்னான். அவனைப் பார்க்க கோந்துக்கே பாவமாக இருந்தது.

எதிர் வீட்டில் அண்ணன் கதவை முழுதாகத் திறக்காமல் நின்று பேசினான். அகன்ற தோள், இஸ்திரி போட்ட சட்டை. துக்க வீட்டில் வந்து இப்படிக் குடைவது நன்றாக இல்லை என்றான். அவன் பின்னால் அண்ணி நின்றிருந்தாள். வயிறு மேடிட்டிருந்தது. அந்த மேட்டின் மேலேயே, தோளில் சாய்ந்து செத்தவளின் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கான்ஸ்டபிளின் தொப்பியைப் பார்த்ததும் அவள் கணவனைக் கேட்காமல் ஒதுங்கி வழிவிட்டாள்.

இங்கே ஓட்டை இடது மூலையில் இருந்தது. மெஷினின் அந்தக் காலுக்குக் கீழே அட்டையை மடித்துத் திணித்திருந்தார்கள். மேடம் கண்ணைக் காட்ட, கோந்து அட்டையை உருவினான். மேலே கை வைத்தான். டொக். இந்த முறை எதிர்ப்பக்கம். இதன் வலது முன்கால்தான் நீளமாக இருந்தது.

இது எப்போதுமே ஆடும், வாங்கிய நாளிலிருந்து அட்டைதான் வைத்திருக்கிறோம் என்றான் அண்ணன். மேடம் அட்டையை வாங்கி கோந்துவிடமே திருப்பிக் கொடுத்தார். அவன் அதை ஒடித்துப் பார்த்தான். படக் என்று ஒடிந்தது.

"இந்த ஈரத்துல இத்தனை வருஷம் இருந்தும் அப்பளம் மாதிரி இருக்கு மேடம். எந்தக் கடை அட்டைன்னு கேட்டு வெச்சுக்கலாம். நம்ம ஆபீஸ் கூரைக்கு ஆகும்."

அண்ணனின் தோள்கள் கொஞ்சம் இறங்கின. ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். பிறகு எல்லாவற்றையும் கோர்வையாகச் சொன்னான், ரொம்பவே கோர்வையாக.

தன் மெஷினில் வெந்நீர் போட்டால் போதும், வீட்டில் மின்சாரம் ட்ரிப் ஆகிவிடும். மெக்கானிக்கைக் கூப்பிடச் சோம்பல். ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, பின்பக்கம் திறந்து அந்தப் பச்சை வயரைத் தானே கழற்றிவிட்டிருக்கிறான். அதன் பிறகு ட்ரிப் ஆகவில்லை. ஆனால் மனைவிக்குக் கை வைத்தால் சுரீர் என்றது. வெந்நீர் போடாதே, ரப்பர் செருப்பில்லாமல் தொடாதே என்று சொல்லி வைத்திருந்தான். அவள் பிள்ளைத்தாய்ச்சி ஆனதும் அவனுக்கே பயம் வந்துவிட்டது. தம்பி வீட்டு மெஷின் சரியானதைப் பார்த்ததும், இரண்டையும் மாற்றிக்கொள்ளலாமா என்று தம்பி மனைவியைக் கேட்டிருக்கிறான். அக்காவுக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா, நாளைக்கே மெக்கானிக்கை வரச்சொல்லி இதையும் பார்த்துவிடுகிறேன் என்று அவளே வாங்கிக்கொண்டாளாம். அவன் கண் கலங்கியது. தெய்வம் மாதிரிப் பெண் என்றான்.

கான்ஸ்டபிள் பெருமூச்சு விட்டார். கோந்து ஒடிந்த அட்டையைக் கீழே வைத்தான். தன் உயிரைத் தூக்கி ஓரகத்திக்குக் கொடுத்தவள். மெக்கானிக்கும் தப்பித்தான், கொலையும் இல்லை. கதையை இதோடு மூடிவிடலாம் போலிருந்தது.

"குரைக்கிற நாய் தொல்லை பண்ணுதுன்னு நாயை விரட்டிட்டு, திருடனைத் திண்ணையில வெச்சுக் காப்பாத்தியிருக்கீங்க சார்," என்றான் கோந்து. ஹீட்டர் விரிசல் விட்டு மெஷினின் உடம்பில் மின்சாரம் பாய்ந்ததால்தான் ட்ரிப் ஆனது. அதைப் பூமிக்குள் இறக்கிவிட இருந்த ஒரே வழி அந்தப் பச்சை வயர்.

மேடம் மட்டும் அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை. "கோந்து, அந்த மெஷினைத் தூக்கு."

"எதுக்கு மேடம்?"

"தூக்கு."

இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்துத் தூக்கினான். முகம் சிவந்தது. எங்கோ ஒரு பொத்தான் தெறித்தது. மெஷின் தன் இடத்தைவிட்டு நகர மனமில்லாமல் நின்றது. சுற்றும்போது துள்ளாமல் இருக்க உள்ளே ஒரு கான்கிரீட் கட்டியை வைத்திருப்பார்கள்.

"இது ரெண்டு ஆள் சுமை மேடம். ஒரு ஆள் தூக்கினா அடுத்த சுமை அந்த ஆள்தான்."

"ரெண்டு மெஷின். இங்கேருந்து அங்க, அங்கேருந்து இங்க. இவர் ஒரு பக்கம் பிடிச்சார். மறுமுனையைப் பிடிச்சது யாரு?"

அண்ணன் உடனே, தம்பி மனைவிதான் பிடித்தாள் என்றான்.

அப்போது அண்ணி பேசினாள். குழந்தை எழுந்துவிடுமோ என்று குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள்.

"ஏங்க, செத்தவ மேல பழி போடாதீங்க. அன்னிக்குக் காலையில அவ எங்கிட்ட வந்து, 'அக்கா, நேத்துதான் ரிப்பேர் பண்ணினாங்க, இன்னிக்கு என்னமோ ஆடுது பாருங்க, அந்த மெக்கானிக்கைக் கூப்பிடணும்'னு சொல்லிட்டுப் போனா. அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. எனக்கே, அவ செத்தப்புறம் நம்ம மெஷினுக்கு அடியில அட்டையைப் பார்த்துத்தான் தெரிஞ்சுது."

அண்ணன் அவளை முறைத்தான். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை.

செத்தவளுக்குத் தெரிந்திருந்தால் வெந்நீர் போட்டிருக்க மாட்டாள். வெறுங்காலோடு ஈரக்கையை வைத்திருக்க மாட்டாள். கோந்துவின் மனதில் ஒவ்வொன்றாக இடம் பிடித்தன. அண்ணி வயிற்றுப்பிள்ளைக்காரி, அவளால் முடியாது. வெளியாள் வந்திருந்தால் இந்நேரம் ஊர் பூரா தெரிந்திருக்கும். இந்த மாடியில் மிச்சம் இருப்பது ஒரே ஒருவர். அது யார் என்று தெரிந்தும் அவன் கழுத்து அந்தப் பக்கம் திரும்ப மறுத்தது.

"நான்தான் பிடிச்சேன்," என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

தம்பி எப்போது வந்து நின்றான் என்று தெரியவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். டேய், நீ வீட்டுக்குப் போ என்றான் அண்ணன். தம்பி போகவில்லை.

குழந்தையை டாக்டரிடம் காட்ட மனைவியும் துணைக்கு அண்ணியும் போயிருந்த நேரத்தில் மாற்றினார்களாம். அண்ணியின் நிலைமையைச் சொல்லி அண்ணன் கேட்டபோது அவனால் மறுக்க முடியவில்லை. லேசாகத்தான் ஷாக் அடிக்கும், நாளைக்கே சரி பண்ணிவிடலாம் என்றான் அண்ணன். மனைவி திரும்பி வந்ததும் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தான். சொன்னால், எல்லாவற்றுக்கும் உங்கள் அண்ணன் சொன்னதுதானா என்று ஆரம்பித்துவிடுவாள். ஏற்கெனவே குழந்தையோடு அலைந்து களைத்து வந்திருக்கிறாள். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று தூங்கிவிட்டான். காலையில் அவசரமாக ஆபீஸ் கிளம்பினான். சொல்லவில்லை.

"போலீஸ்ல மெக்கானிக் மறந்துட்டான்னு சொன்னாங்க," என்றான். "அது இல்லைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அவனை அறைஞ்சேன். அறையும்போது அவன்தான் பண்ணினான்னு நிஜமாவே தோணிச்சு. இவ பெரியவளாகி, அம்மா எப்படிச் செத்தான்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

அண்ணியின் தோளில் குழந்தை புரண்டு படுத்தது.

படியில் நிற்கச் சொன்னவள் எப்போதோ வாசல் வரை வந்துவிட்டிருந்தாள். அவனுக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில் நின்றாள். கோந்து அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தான். வைதால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

"எங்க பையன் இப்பவே கேக்கறான்," என்றாள்.

தம்பி திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு நிலையைப் பிடித்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஸ்டேஷனுக்கு வந்து சொல்கிறீர்களா என்று மேடம் கேட்டார். சொல்கிறேன் என்றான். அண்ணன் ஸ்டூலிலிருந்து எழுந்தான். இப்போது அவன் குரலில் கோர்வை இல்லை, வெறும் கூர்மைதான் இருந்தது.

"சரி, மெஷினை மாத்தினோம். அதனால அந்த மெக்கானிக் யோக்கியன்னு ஆயிடுமா? இதுலயும் அவன் மாட்டாம விட்டிருக்கலாமே. மறந்துட்டேன்னு அவனே சொல்றானாமே."

அது நியாயமான கேள்விதான் என்பதுதான் கொடுமை. மெக்கானிக்கின் மனைவி சுவரில் கை ஊன்றிக்கொண்டாள். கோந்து சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, மெஷினை ஒரு பக்கம் இழுக்கப் போனான்.

"நீ திறக்காதே," என்றார் மேடம்.

"ஒரு நிமிஷ வேலை மேடம்."

"நீ திறந்தா உனக்குத்தான் தெரியும்."

அன்று மாலையே இன்ஸ்பெக்டர் மெக்கானிக்கை அழைத்து வந்தார். தம்பி ஸ்டேஷனில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான். அண்ணனை ஒரு ஓரமாக நிற்க வைத்திருந்தார்கள்.

கோந்து ஒரு முரட்டு ஆளை எதிர்பார்த்திருந்தான். வந்தது ஒரு சட்டையும் அதற்குள் கொஞ்சம் ஆளும். நடந்ததையெல்லாம் வழியிலேயே சொல்லிக்கொண்டு வந்திருந்தார்கள். கேட்டுக்கொண்டானா என்று தெரியவில்லை. தம்பி அவன் எதிரே வந்து நின்று, என்னைத் திருப்பி அடித்துவிடுங்கள் என்பது போலக் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டான். மெக்கானிக் அவனைத் தாண்டி மெஷினைப் பார்த்தான். இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

திறந்து பாருங்கள் என்றார் மேடம்.

"வேணாம் மேடம். நான் மாட்டல." குரல் அடங்கியிருந்தது. "மூடும்போது அந்த ஸ்க்ரூ என் உள்ளங்கையிலேயே இருந்தது. அதைப் பையில போட்டுக்கிட்டேன். யோசிக்க யோசிக்க, அப்படியே கண்ணு முன்னாடி தெரியுது. நான் மறந்ததே எனக்கு ஞாபகம் வந்துடுச்சு."

இன்ஸ்பெக்டர் மேடத்தைப் பார்த்தார். அண்ணன் ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தான்.

மனைவி அவன் அருகில் வந்தாள். தோளைத் தொடவில்லை. "திறங்க," என்றாள். "மாட்டலைன்னா மாட்டலைன்னு தெரிஞ்சுக்கிட்டு வீட்டுக்கோ ஜெயிலுக்கோ போலாம். இப்படி நடுவுல என்னால நிக்க முடியாது."

அவன் கோந்துவிடமிருந்து ஸ்க்ரூ டிரைவரை வாங்கினான். முதலில் பிளக்கைப் பிடுங்கினான். அது அவன் செய்ததல்ல, அவன் கை செய்தது. கோந்து ஒரு பக்கமும் தம்பி மறுபக்கமும் பிடித்து மெஷினைத் திருப்பி வைத்தார்கள். பின்பக்கத் தகட்டின் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வரிசையாகத் தரையில் வைத்தான். தகடு கழன்று வந்தது. உள்ளே இருட்டு. கோந்து வெளிச்சம் காட்டப் போனான்; மேடம் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

மெக்கானிக் கண்களை மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டான். முழங்கை வரை போயிற்று. பெல்ட்டைத் தொட்டு, அதைத் தாண்டி, ஓரமாக இறங்கி, எங்கோ நின்றது. தோள் லேசாக இறுகியது. எதையோ திருகப் பார்க்கிறான் என்பது கோந்துக்குப் புரிந்தது. மறுபடியும் இறுகியது. மூன்றாவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு முழு பலத்தோடு திருகினான். கழுத்து நரம்பு புடைத்தது.

"அசைய மாட்டேங்குது," என்றான், கண்ணைத் திறக்காமலே.

இன்ஸ்பெக்டர் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். பச்சை வயர் மாட்டியேதான் இருக்கிறது, போதும், வீட்டுக்குப் போகலாம் என்றார். மேடமும் சொன்னார். அவன் மனைவி அருகில் உட்கார்ந்து, எழுந்திருங்க, போலாம், பையன் காத்துக்கிட்டிருப்பான் என்று சொல்லிப் பார்த்தாள்.

அவன் தலையைத் தலையை ஆட்டினான். கையை மட்டும் வெளியே எடுக்கவில்லை.